கிழிந்த பிரம்பு நாற்காலிக்குப் புதுப் பின்னல்: சட்டம் முதல் ஓரப்பட்டை வரை

பரணிலோ மாடிப்படிக்குக் கீழோ கிடக்கும் பழைய தேக்கு நாற்காலியைத் தூசி தட்டிப் பார்த்தால், பெரும்பாலும் மரத்தில் குறை இருக்காது. உட்காரும் இடத்துப் பிரம்பு கிழிந்து தொங்குவதுதான் குறை. அதற்குப் பலர் கண்டுபிடிக்கும் வழி, மேலே ஒரு பிளைவுட் துண்டை அறைந்து மெத்தை போட்டுவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரம்புக்காகப் போட்ட துளை வரிசையை ஒட்டி ஆணி இறங்கினால் சட்டம் அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடும். அதன் பிறகு அந்த நாற்காலிக்குப் பின்னல் என்ற பேச்சே கிடையாது.

ஆறு அடுக்குப் பிரம்புப் பின்னலை வீட்டிலேயே செய்யலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழகாத கைக்கு ஓர் இருக்கை முடிய 12 முதல் 15 மணி நேரம் ஆகும். அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதும் இல்லை, மாலையில் ஓர் அடுக்கு என்று வைத்துக்கொண்டாலே போதும். இந்த வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இரண்டுதான்: நாரின் ஈரம், கையின் இழுவை. முதல் அடுக்கை எவ்வளவு தளர்வாக விடுகிறீர்கள் என்பதில்தான் ஆறாவது அடுக்கு நுழையுமா நுழையாதா என்பது இருக்கிறது.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்தைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை துளைகள் வரிசையாக இருந்தால் அது கையால் பின்னியது. துளைகள் இல்லாமல், மேல்பக்கம் சுற்றிலும் ஒரு பள்ளக்கோடு ஓடி, அதில் பிரம்புக் கயிறு அடித்து இறுக்கியிருந்தால் அது ஷீட்டாக வரும் ஆயத்தப் பின்னல். இரண்டுக்கும் வேலை வேறு. ஷீட் வகையைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறது. மற்றதெல்லாம் துளை வகைக்கு.

பழைய பின்னலை அறுத்தெடுக்கும் முன் மேலிருந்து ஒரு படம், அடியிலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். மூலைகளில் எந்தத் துளையில் எத்தனை நார் இறங்குகிறது என்பதற்கு அந்தப் படம்தான் துணை. பிறகு சட்டத்தின் உள் ஓரத்தை ஒட்டிக் கத்தியால் சுற்றி அறுத்து, நடுப்பின்னலை ஒரே துண்டாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வேலை முடியும்வரை அது மாதிரியாக இருக்கட்டும். துளைகளில் தங்கிய பழைய நாரையும் முளைக்குச்சியையும் அடியிலிருந்து மேலாக ஒரு மொட்டை ஆணியால் தட்டி வெளியேற்றுங்கள். மேலிருந்து தட்டினால் அடிப்பக்க மரம் சிம்பு சிம்பாகப் பெயரும். அடைத்துக்கொண்டு வராத துளைக்கு டிரில் போடலாம். ஆனால் பழைய துளையின் அளவை மீறாதீர்கள். அரை அங்குல இடைவெளித் துளைகளுக்கு 5 மி.மீ. பிட்டைத் தாண்ட வேண்டாம்.

ஆட்டம் காணும் மூட்டுகள்

பின்னல் காய்ந்து இறுகும்போது நான்கு சட்டங்களையும் உள்நோக்கி இழுக்கும். ஆடும் நாற்காலியில் பின்னினால் அது ஆடிக்கொண்டே கோணும், புது நாரும் சீக்கிரம் அறுபடும். அதனால் மூட்டு வேலையை முதலில் முடியுங்கள்.

ஒவ்வொரு துண்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடம், வலம், முன், பின் என்று எழுதிவிட்டு, மரச்சுத்தியால் தட்டிப் பிரியுங்கள். மரச்சுத்தி இல்லையென்றால் சாதாரணச் சுத்தியலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்துத் தட்டலாம். பிரிய மறுக்கும் மூட்டில் சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள். பழைய நாற்காலிகளில் பெரும்பாலும் வச்சிரப் பசைதான் இருக்கும், அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும்.

இங்கே அதிகம் பேர் தவறுவது, பழைய பசையைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஃபெவிகால் ஊற்றுவதில்தான். வெள்ளைப் பசை மர நாருக்குள் ஊறிப் பிடிப்பது. காய்ந்த பசை மரத்தை மூடியிருந்தால் அதற்குள் ஊற வழியில்லை. உளி முனையால் இரு பக்கமும் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் ஒரு தடவை துடையுங்கள்.

துளைக்குள் நுழையும் முனை தேய்ந்து லொடலொடவென்று இருந்தால், இழைப்புளியில் வரும் மெல்லிய சுருளை அதே முனையில் பசை போட்டு ஒட்டி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துச் சரியாகப் பொருத்துங்கள். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பது ஓட்டை மறைக்க உதவும், பாரம் தாங்காது. சில மாதத்தில் பொடிந்து கொட்டும்.

கிளாம்ப் இல்லாவிட்டாலும் கயிறு போதும். கால்களைச் சுற்றி இரட்டைக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, குச்சியைச் சட்டத்தில் அணைத்துக் கட்டிவிடுங்கள். கயிறு படும் இடத்தில் துணியை மடித்து வையுங்கள். முறுக்கிய கையோடு இரண்டு மூலைவாட்டு அளவுகளையும் டேப்பால் அளந்து பாருங்கள். நேர்சதுர இருக்கையானாலும் முன் அகலமான இருக்கையானாலும் அந்த இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி நான்கு காலும் படிகிறதா என்றும் பாருங்கள். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். அந்த இடத்தில் பிறகு பாலிஷ் பிடிக்காது. 24 மணி நேரம் தொடாதீர்கள்.

மரத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டைகளும், தட்டினால் மாவு மாதிரித் தூளும் கொட்டினால் உளுத்துப் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். பெயின்ட் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை ஊசியால் ஓட்டை ஓட்டையாக ஏற்றி, பாலிதீனால் சுற்றிச் சில நாள் வைத்துவிட்டுப் பிறகு காற்றாட விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பூச்சி பிரம்பையும் விட்டுவைக்காது என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

பாலிஷ், பின்னலுக்கு முன்பே

முதலில் பழைய பூச்சு எது என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத ஓர் இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துத் தேயுங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் பழுப்பாக ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு மசிந்தால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் வகை. அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அரக்குப் பாலிஷ் என்றால் முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. புது அரக்கு பழைய அரக்கை இளக்கி அதனோடு ஒன்றாகிவிடும். பழுது பார்க்க இவ்வளவு இணக்கமான பூச்சு வேறில்லை என்பதால், வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக்கு அரக்கையே பரிந்துரைப்போம். அழுக்கையும் மெழுகையும் துடைத்தெடுத்து, 180, பிறகு 220 எண் உப்புத்தாளால் மர ரேகை ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்த்தால் போதும். வார்னிஷை நீக்க வேண்டியிருந்தால் 80இல் தொடங்கி 120, 180, 220 என்று வரிசையாக வாருங்கள். 80இலிருந்து நேராக 220க்குத் தாவினால், கீறல்கள் பாலிஷ் ஏறிய பிறகு பளிச்சென்று தெரியும்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அவலரக்கு, அதாவது அவல் மாதிரிச் செதிலாகக் கிடைக்கும் அரக்கு. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, இடையிடையே குலுக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பா வேண்டாம், அரக்கு கறுத்துப்போகும். ஒரு நாற்காலிக்குக் கால் லிட்டர் தாராளம். கரைத்து வைத்த அரக்கை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பழசாகிவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகத்துக்குப் பிசுபிசுத்தால் அது வேலைக்கு ஆகாது.

பஞ்சைத் துணியில் பொதிந்து எலுமிச்சை அளவுப் பொட்டலமாகக் கட்டி, அரக்கில் நனைத்து, பிழிந்து, நீள இழுப்பாக ஓட்டுங்கள். இழுக்கும் நடுவே நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் பொட்டலம் ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். பொட்டலம் கனமாக இழுபட்டால் அதன் அடியில் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். மூன்று நான்கு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி. மறுநாள் பழைய 400 எண் தாளால் தொட்டும் தொடாமலும் தேய்த்து இன்னும் இரண்டு பூச்சு.

மழை நாளில் இதைத் தொடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூச்சு பால் மாதிரி வெளுத்துப்போகும். ஐப்பசி கார்த்திகையில் பாலிஷ் போட்டு வெளுத்துவிட்டதென்றால், வெயில் வந்த நாளில் வெறும் ஸ்பிரிட்டை லேசாகத் தொட்ட பொட்டலத்தால் ஒரு தடவை ஓட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தொலைவில் வேலை செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள்; அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

பின்னலுக்குமுன் இதை முடிப்பதற்குக் காரணம், அரக்கு பிரம்பில் பட்டால் திட்டுத் திட்டாக நின்று அசிங்கமாக இருக்கும் என்பதுதான்.

நார் வாங்கும்போது

பிரம்பு ஒரு பனைக் குடும்பத்துக் கொடி. பின்னலுக்கு எடுப்பது அதன் தோல் மட்டும். ஒரு பக்கம் வழவழவென்று மினுமினுப்பாக, லேசாக உருண்டு இருக்கும். மறுபக்கம் தட்டை, மங்கல். எந்த அடுக்கிலும் மினுமினுப்பு மேலே தெரிய வேண்டும்.

நாரின் அகலத்தைத் துளையின் இடைவெளிதான் தீர்மானிக்கும். முதல் துளையின் நடுவிலிருந்து பத்தாவது துளையின் நடுவரை அளந்து 9ஆல் வகுத்தால் சரியான இடைவெளி கிடைக்கும்.

இடைவெளி 9–10 மி.மீ. என்றால் நார் 2 மி.மீ.
12–13 மி.மீ. என்றால் 2.25 முதல் 2.5 மி.மீ.
16 மி.மீ. என்றால் 2.5 முதல் 2.75 மி.மீ.
19 மி.மீ. என்றால் 3 மி.மீ.
22 மி.மீ. என்றால் 3.5 மி.மீ.

நார் அகலம் கூடினால் மூலைவாட்டு அடுக்குகள் நுழையாது. குறைந்தால் கண்கள் வாய் பிளந்து, பாரம் தாங்காது. 16 அங்குலச் சதுர இருக்கை, அரை அங்குல இடைவெளி என்றால் சேதாரம் சேர்த்து 90 முதல் 100 மீட்டர் நார் வேண்டும். இது தவிர ஓரப்பட்டைக்கு 4 மி.மீ. அகல நார், இருக்கையின் சுற்றளவோடு ஒரு சாண் கூட்டி. மெல்லிய நாருக்கு 4 மி.மீ. பட்டை, 3 மி.மீ.க்கு மேற்பட்ட நாருக்கு 5 அல்லது 6 மி.மீ. பட்டை.

நல்ல நார் வளைத்தால் ஒடியாது, ஓரம் சிம்பு விடாது, அகலம் நெடுக ஒரே சீராக இருக்கும். சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவே கொள்ளிடத்தை அடுத்த தைக்காலில் சாலை நெடுகப் பிரம்பு வேலைப் பட்டறைகள் உண்டு. அந்தப் பக்கம் போகிறவர்கள் நல்ல பிரம்பைத் தொட்டுப் பார்த்துப் பழகிக்கொள்ள அது தகுந்த இடம்.

பிளாஸ்டிக் நாரும் கடையில் கிடைக்கிறது. மழைச்சாரல் படும் வராந்தாவுக்கு அது சரி. ஆனால் அது ஈரத்தில் இளகிக் காய்ந்து இறுகும் பொருள் இல்லை, அதனால் கீழே சொல்லும் தளர்வு அதற்குப் பொருந்தாது. முதலிலிருந்தே இறுக்கி இழுக்க வேண்டும். தேக்குச் சட்டத்தில் அது ஒருபோதும் ஒட்டிய மாதிரி இருக்காது என்பது எங்கள் கருத்து.

வேறு தேவைப்படுபவை: துளைக்குள் செருகி நிறுத்தப் பென்சில் மாதிரி சீவிய மூங்கில் முளைகள் 15, ஒரு குத்தூசி, கத்தரி, கட்டிங் பிளேயர், துணி கிளிப்புகள், வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பழைய துண்டு.

நாரை மூன்று நான்கு மட்டும் எடுத்து, மினுமினுப்பு வெளியே இருக்கும்படி தனித்தனி வளையமாகச் சுருட்டிக் கிளிப் போட்டு, 20 நிமிடம் ஊறவையுங்கள். தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கிளிசரின் விட்டால் சீக்கிரம் காயாது. ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றை உள்ளே போடுங்கள். மணிக்கணக்கில் ஊறிய நார் நிறம் மங்கி வலுவிழக்கும். மொத்தத்தையும் காலையிலேயே வாளியில் போட்டுவிடாதீர்கள்.

பின்னும் முன் நாரை விரல்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். கணு இருக்கும் இடத்தில் ஒரு திசையில் விரல் வழுக்கும், மறுதிசையில் தட்டும். வழுக்கும் திசையில் நார் முன்னேறும்படி தொடக்க முனையைத் தேர்ந்தெடுங்கள். திருப்பிப் பின்னினால் ஒவ்வொரு குறுக்கிலும் கணு மாட்டித் தோல் உரியும்.

முதல் மூன்று அடுக்குகள்

முன் சட்டத்திலும் பின் சட்டத்திலும் மூலைத் துளைகளை விட்டுவிட்டு நடுத்துளையைக் கண்டுபிடித்து முளை செருகுங்கள். மூலைத் துளைகள் மூலைவாட்டு நாருக்கு மட்டும் உரியவை.

முதல் அடுக்கு, அதாவது பாவு. பின் நடுத்துளையில் நாரை மேலிருந்து இறக்கி, அடியில் 10 செ.மீ. வால் விட்டு முளையால் இறுக்குங்கள். முன் நடுத்துளைக்குக் கொண்டுவந்து இறக்கி, அடியில் முறுக்கில்லாமல் பக்கத்துத் துளை வழியாக மேலே எடுத்து, மறுபடி பின் சட்டத்துக்கு. இப்படியே வலப்புறம் முடித்து, நடுவிலிருந்து இடப்புறம் புது நார் தொடங்குங்கள். கடைசியாக நார் போன துளையில் முளை மாறிக்கொண்டே வரும்.

முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருந்தால் பின் சட்டத்தில் துளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மிச்சப் பாவுகளின் பின்முனை பக்கச் சட்டத்துத் துளைகளில் இறங்கும். எந்தத் துளை என்பதற்கு ஒரே விதி, நார் ஏற்கெனவே உள்ள பாவுகளுக்கு இணையாக ஓட வேண்டும். அதற்காகப் பக்கத்தில் ஒன்றிரண்டு துளைகளைத் தாண்டினாலும் சரிதான்.

இப்போது இழுவை. உள்ளங்கையால் நடுவில் அழுத்தினால் பாவு ஒன்று முதல் இரண்டு செ.மீ. இறங்க வேண்டும். பார்க்கத் தொளதொளவென்று தவறாகத்தான் தெரியும்; அப்படியே விடுங்கள். இதற்குமேல் ஐந்து அடுக்குகள் மேலும் கீழுமாக நுழைந்து ஒவ்வொன்றும் கொஞ்சம் இழுவையைக் கூட்டும். கடைசியில் எல்லாம் காய்ந்து இன்னும் இறுகும். முதல் அடுக்கையே வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டியவர்களுக்கு ஐந்தாவது அடுக்கில் குத்தூசியே நுழையாது. மீறி நுழைத்தால் நார் அறும், இல்லையென்றால் துளை வரிசையில் சட்டம் விரிசல் விடும்.

இரண்டாவது அடுக்கு, ஊடை. பக்கத்துக்குப் பக்கம், பாவுக்கு மேலாகச் சும்மா படுக்கவைத்துக்கொண்டு போவதுதான். எதையும் கோக்க வேண்டாம்.

மூன்றாவது அடுக்கு மறுபடி முன்பின். முதல் பாவு இறங்கிய அதே துளைகள், ஆனால் இப்போது ஊடைக்கும் மேலே. இதை முன் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். முதல் அடுக்கு பின் சட்டத்தில் தொடங்கியதால், அடியில் ஒன்றுவிட்டு ஒன்று வெற்றிடம் இருக்கும். எதிர்ப்பக்கம் தொடங்கினால் அந்த வெற்றிடங்கள் நிரம்பி, அடிப்பக்கம் தொடர்ச்சியான தையல் போல வரும். முனைகளைக் கட்ட அந்தக் கண்ணிகள் பிறகு தேவைப்படும். மூன்றாம் அடுக்கு நார் ஒவ்வொன்றும் முதல் பாவுக்கு வலப்புறமாகவே நிற்கட்டும். ஒன்று வலம் ஒன்று இடம் என்று கலந்தால் நான்காவது அடுக்கு சிக்கும்.

நான்காவது அடுக்கில்தான் பின்னல் தொடங்குகிறது

மறுபடி பக்கத்துக்குப் பக்கம், இரண்டாவது அடுக்கின் அதே துளைகள். வலமிருந்து இடமாகப் போகும்போது ஒவ்வொரு ஜோடிப் பாவிலும் மூன்றாம் அடுக்கு நாருக்கு மேலேயும் முதல் அடுக்கு நாருக்குக் கீழேயும் நுழைய வேண்டும். புது ஊடை பழைய ஊடைக்கு முன்புறமாகவே ஓட வேண்டும், அதாவது உட்காருபவரின் முழங்கால் பக்கம். திரும்பி வரும் வரிசையிலும் இதே மேல், இதே கீழ்.

ஒரு கையால் மேலே நுனியை நடத்துங்கள், மறுகை அடியிலிருந்து வாங்கட்டும். ஆறேழு ஜோடி கோத்தபின் மொத்தமாக இழுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இழுத்தால் நார் தேய்ந்து மினுமினுப்பு போய்விடும். நாலைந்து வரிசை முடிந்ததும் இரண்டு முளைகளால் ஜோடிகளை நெருக்கித் தள்ளிச் சதுரக் கண்கள் நேராக நிற்கும்படி சீர் செய்யுங்கள். இது ஈரத்தோடு இருக்கும்போது மட்டும் முடியும். காய்ந்துவிட்டிருந்தால் நனைத்துப் பிழிந்த துண்டை அரை மணி மேலே விரித்து வையுங்கள். முதல் நாள் விட்ட வேலையை மறுநாள் தொடரும்போதும் இதையே செய்யுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு கோத்தல் தவறியிருந்தால் அந்த வரிசையைப் பிரித்துவிடுவதே நல்லது. மூலைவாட்டு நார் அந்த ஓர் இடத்தில் மாட்டி நிற்கும். அதன்மேல் பின்னிய பிறகு பிரிப்பது இருமடங்கு வேலை.

மூலைவாட்டு அடுக்குகள்

ஐந்தாவது நார் ஒரு மூலைத் துளையில் தொடங்கி எதிர்மூலையை நோக்கிப் போகும். விதி எளிது: ஒரு திசை மூலைவாட்டு நார், பாவு ஜோடிகளுக்கு மேலேயும் ஊடை ஜோடிகளுக்குக் கீழேயும் போகும். ஆறாவது அடுக்கான எதிர்த்திசை நார், ஊடைக்கு மேலே, பாவுக்குக் கீழே.

எந்தத் திசைக்கு எது என்பது நான்காவது அடுக்கு அமைந்த விதத்தைப் பொறுத்தது. மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நாலு கண் தூரம் கோத்துவிட்டு இரு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சரியான வழியென்றால் நார் ஜோடிகளின் இடுக்கில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு ஓடும். தவறென்றால் முடிச்சின்மேல் ஏறி நின்று, அறுக்கிற மாதிரி தடுக்கும். தடுத்தால் மேல் கீழை மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நுனியைச் சாய்வாக வெட்டி வைத்தால் கண்ணுக்குள் சுலபமாக நுழையும். பக்கச் சட்டத்தை அடையும்போது, நேர்கோடு எந்தத் துளைக்கு இட்டுச்செல்கிறதோ அதில் இறக்குங்கள். சில துளைகளில் ஒரே திசையின் இரண்டு நார்கள் விழும், சிலது காலியாக நிற்கும். சதுரமல்லாத இருக்கையில் இது இயல்பு. வட்ட இருக்கையிலும் இதே கதைதான். துளைக்கு ஒன்று என்று பிடிவாதம் பிடித்தால் கோடு வளைந்துவிடும்.

ஆறாவது அடுக்கு வரும்போது இருக்கை மேளத்தோல் பதத்துக்கு வந்திருக்கும். மேலிருந்து அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், குத்தூசியால் வழி திறந்து விடுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு கண்ணும் எட்டு மூலையாக விரிந்திருக்கும். நான்கு திசையிலும் பாரம் பகிர்ந்துபோவதால்தான் இந்த மெல்லிய நார் ஓர் ஆளைத் தாங்குகிறது.

முனைகளை அடுக்கு அடுக்காக அவ்வப்போதே கட்டிவிடுங்கள். அடியில், பக்கத்துக் கண்ணிக்குள் நுழைத்துச் சுற்றி, தன் வளையத்துக்குள்ளேயே விட்டு இழுங்கள். மறுபடி ஒரு தடவை. வால் 2 செ.மீ. விட்டு நறுக்குங்கள். நார் ஈரமாக இல்லாவிட்டால் வளைக்கும்போதே முறியும். கட்டாமல் பசை போட்டு விடுவதும், முளையை மட்டும் அடித்து விடுவதும் சில மாதத்தில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஓரப்பட்டை

துளை வரிசையை மூடிச் சுற்றிவரும் பட்டை அழகுக்கு மட்டும் இல்லை. உட்காருபவரின் துணி துளை விளிம்பில் உரசி நார் அறுபடாமல் காப்பதும் அதுதான். பின் சட்டத்தின் நடுவில் தொடங்கி அகல நாரைத் துளைகள்மேல் கிடத்துங்கள். பின்னல் நார் ஒன்றை அடியிலிருந்து மேலே எடுத்து, பட்டையைத் தாண்டி, அதே துளையில் இறக்குங்கள். அடுத்த துளைக்குப் போய் அதேபோல. துளைகள் நெருக்கமாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று போதும். மூலையில் வளையும் இடத்தில் பட்டை நன்றாக ஊறியிருக்க வேண்டும். தொடங்கிய இடத்துக்கு வந்ததும் இரண்டு முனையும் மூன்று துளை தூரம் ஒன்றின்மேல் ஒன்று படியட்டும்.

துளைகள் ஏற்கெனவே நாரால் நிறைந்து அடைபட்டிருக்கும். குத்தூசியை மெல்லத் திருகித் திருகி வழி செய்யுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் உள்ளே இருக்கும் நார் அறுந்து, அன்றைய வேலை முழுவதும் போகும்.

மேலே சிலிர்த்து நிற்கும் சன்ன இழைகளைக் கத்தரியால் ஒட்ட நறுக்கிவிட்டு, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், ஒரு பக்கம் முந்திக் காய்ந்து பின்னல் இழுபடும். காயும் முன் யாரும் உட்காரக் கூடாது. ஈர நார் நீண்டுகொடுத்துக் குழிந்துவிடும். புது நாரின் வெளிர் நிறம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சாயம், வார்னிஷ் எதுவும் அந்த வழவழத் தோலில் சரியாகப் பிடிக்காது, பிறகு செதில் செதிலாக உரியும். சில ஆண்டுகளில் அது தானாகவே தேன் நிறத்துக்கு வரும்.

பள்ளக்கோடு உள்ள நாற்காலிக்கு

பள்ளத்தில் இருக்கும் பழைய பிரம்புக் கயிற்றை இரு ஓரமும் கத்தியால் கீறி, குறுகிய உளியால் நெம்பி எடுங்கள். வினிகரைச் சூடாக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டால் பசை இளகும். பள்ளம் மரம் தெரியச் சுத்தமாக வேண்டும். புது ஷீட்டைச் சுற்றிலும் 3 செ.மீ. கூடுதலாக வெட்டி ஒரு மணி நேரம் ஊறவைத்து, கண்கள் முன் சட்டத்துக்கு நேராக இருக்கும்படி விரித்து, மரஆப்பால் பின், முன், பக்கங்கள் என்ற வரிசையில் பள்ளத்துக்குள் அமுக்குங்கள். பள்ளத்தின் வெளி ஓரத்துக்குக் கீழே மிச்ச நாரைக் கத்தியால் வெட்டிவிட்டு, வெள்ளைப் பசை விட்டு, 20 நிமிடம் ஊறிய புதுக் கயிற்றை அடித்து இறக்குங்கள். எபாக்ஸி போடாதீர்கள். அடுத்த தடவை பிரிக்கிறவர் மரத்தை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பராமரிப்பு

பிரம்புக்கு எதிரி வறட்சி. ஏ.சி. அறையில் இருக்கும் நாற்காலியென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவிழ்த்து, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். மங்கலான அடிப்பக்கம்தான் தண்ணீரை உறிஞ்சும், மேல்தோல் உறிஞ்சாது. பல்பு மாட்ட அதன்மேல் ஏறி நிற்பதும், ஒரு முழங்காலை ஊன்றி எக்குவதும் எந்தப் பின்னலையும் கிழிக்கும்.

நாளாவட்டத்தில் நடுவில் குழி விழுந்தால், நார் அறுபடாதவரை, புதுசாகப் பின்ன வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அடியில் அரை மணி போட்டுவிட்டு, இரவு முழுக்கக் காற்றோட்டத்தில் வையுங்கள். காலையில் பின்னல் மேலேறி இறுகியிருக்கும். ஓரிரு நார் மட்டும் அறுந்திருந்தால், அதே அகல நாரை ஊறவைத்து, பழைய நார் போன தடத்திலேயே இருபுறமும் ஐந்தாறு கண் தூரம் கூடுதலாகக் கோத்து, முனைகளை அடியில் ஒரு ஜோடிக்குள் செருகிவிடலாம். அறுந்தது துளையை ஒட்டி என்றால் ஒட்டுப்போட இடமில்லை. ஓரப்பட்டையை அவிழ்த்து அந்த ஒரு நாரை முழு நீளத்துக்கு மாற்றுங்கள்.